85 கிராம் மட்டை, 468 கிலோ இழுவை! ஷட்டில் பேட் பற்றி இதெல்லாம் தெரியுமா?

எடை பெரும்பாலும் 90 கிராமைத் தாண்டாது. நீளம் 68 சென்டிமீட்டருக்குள். ஒரு விரலில் தூக்கி நிறுத்தலாம். இந்தச் சின்னப் பொருளுக்குள் இத்தனை கணக்கா, இத்தனை விந்தையா என்று வாயைப் பிளக்கப் போகிறீர்கள்! வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

மணிக்கு 565 கிலோமீட்டர்!

உலகத்தின் மிக வேகமான ஸ்மாஷ் யாருடையது தெரியுமா? நம் ஆந்திராவின் சாத்விக் சாய்ராஜ் ரங்கிரெட்டியுடையது! 2023 ஏப்ரல் 14 அன்று, ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் உள்ள சோகா நகரில், மட்டை தயாரிக்கும் யோனெக்ஸ் நிறுவன ஆலையின் உள்ளரங்கில் அவர் அடித்த அடியின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர்! கின்னஸ் ஏட்டில் ஏறிய சாதனை! ஜப்பானின் புல்லட் ரயிலே மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. டென்னிஸில் பதிவான அதிவேக சர்வீஸ் 263 கிலோமீட்டர்தான். அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

அதே நாள், இன்னொரு சாதனை!

அன்றைக்கே பெண்களுக்கான சாதனையும் படைக்கப்பட்டது தெரியுமா? மலேசியாவின் பெர்லி டான் அடித்தது மணிக்கு 438 கிலோமீட்டர்! அவருடைய இரட்டையர் ஜோடி யார் தெரியுமா? தினா முரளிதரன்!

அது தலை கனத்த மட்டை இல்லை!

ஸ்மாஷ் என்றதும் என்ன நினைப்போம்? தலைப்பக்கம் கனமான 'ஹெட் ஹெவி' மட்டை வேண்டும் என்றுதானே? இங்கேதான் ஆச்சரியம்! சாத்விக் சாதனை படைத்தது நானோஃப்ளேர் 1000 இசட் மட்டையில். அது தலை லேசான 'ஹெட் லைட்' வகை!    லேசான தலையை இன்னும் வேகமாகச் சுழற்றலாம். சுழலும் வேகம் கூடினால் ஷட்டிலின் வேகமும் கூடும்!

ஆடும்போது இவ்வளவு வருமா?

565 என்பது சோதனைக்காக அடித்த அடியின் கணக்கு. நிஜமான ஆட்டத்தில்? 2017 ஜனவரியில் டென்மார்க்கின் மாட்ஸ் பீலர் கோல்டிங் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 426 கிலோமீட்டர்! எங்கே தெரியுமா? நம் இந்தியாவில் நடந்த பிரீமியர் பேட்மிண்டன் லீக்கில்!

புறப்படும்போது புயல், விழும்போது 24!

565 கிலோமீட்டர் வேகம் கடைசிவரை குறையாமல் இருந்தால், 13.40 மீட்டர் நீளமுள்ள மைதானத்தை ஷட்டில் எத்தனை நேரத்தில் கடக்கும்? வெறும் 0.085 விநாடியில்! எதிரே நிற்பவர் இமைகூடக் கொட்டியிருக்க மாட்டார்! ஆனால் அப்படி நடப்பதில்லை. மட்டையை விட்டுப் பிரிந்த கணமே காற்று அதை இழுத்துப் பிடிக்கிறது. எவ்வளவு உயரத்திலிருந்து போட்டாலும், தானாகக் கீழே விழும் ஷட்டிலின் வேகம் மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டரைத் தாண்டாது! ஒரே பொருளுக்கு 565-உம் உண்டு, 24-உம் உண்டு. நம்ப முடிகிறதா?

எண் ஏற ஏற எடை இறங்கும்!

மட்டையின் மேல் '3யு', '4யு' என்று போட்டிருக்கிறதே, என்ன அர்த்தம்? எடை! யோனெக்ஸ் கணக்கில் 2யு என்றால் 90 முதல் 94.9 கிராம். 3யு என்றால் 85 முதல் 89.9 கிராம். 4யு என்றால் 80 முதல் 84.9 கிராம். 5யு இன்னும் லேசு: 75 முதல் 79.9 கிராம்! 'எஃப்' என்று ஒன்று உண்டு, 70 முதல் 74.9 கிராம்! டென்னிஸ் மட்டை ஏறத்தாழ 300 கிராம். அந்த ஒரு மட்டையின் எடைக்கு நான்கு எஃப் மட்டைகள் வாங்கிவிடலாம்!

கைப்பிடிக்கும் அதே தலைகீழ்க் கணக்கு!

'ஜி4', 'ஜி5', 'ஜி6' என்றும் இருக்கும். இது கைப்பிடியின் பருமன். யோனெக்ஸில் எண் கூடக் கூடக் கைப்பிடி மெலியும்! நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்ப்பது ஜி4-உம் ஜி5-உம். கை பெரியது, ஜி5 மெல்லியதாகத் தெரிகிறதா? கவலை வேண்டாம், மேலே கிரிப் சுற்றிப் பருமனைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தடித்த கைப்பிடியைச் செதுக்கிக் குறைக்கவா முடியும்? அதனால்தான் சந்தேகம் வந்தால் மெல்லியதையே எடுக்கச் சொல்கிறார்கள்!

ஒரு கிராம், நூறு மடங்கு!

3யு-வுக்கும் 4யு-வுக்கும் சுமார் 5 கிராம்தானே வித்தியாசம், இதற்கா இவ்வளவு பேச்சு என்கிறீர்களா? இதைக் கேளுங்கள்! கைப்பிடி முனையிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிராம் ஒட்டுங்கள். அதே ஒரு கிராமை 60 சென்டிமீட்டர் தள்ளி, தலைப்பக்கம் ஒட்டுங்கள். கைப்பிடி முனையை மையமாக வைத்துச் சுழற்றும்போது, தலைப்பக்க கிராம் காட்டும் எதிர்ப்பு எத்தனை மடங்கு? 10 மடங்கு இல்லை, 100 மடங்கு! தூரத்தின் வர்க்கம் அங்கே வேலை செய்கிறது! எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும்!

ஒரு விரல் போதும், கண்டுபிடித்துவிடலாம்!

மட்டை ஹெட் ஹெவியா, ஹெட் லைட்டா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம் தெரியுமா? ஆள்காட்டி விரல் ஒன்றே போதும்! விரலின் மேல் மட்டையைக் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கைப்பிடியின் அடிமுனை வரை அளந்து பாருங்கள். பொதுவாக 285 முதல் 295 மில்லிமீட்டர் வரை நடுநிலை. அதற்கு மேல் போனால் ஹெட் ஹெவி. அதற்குக் கீழே ஹெட் லைட். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே மட்டையின் குணம் மாறிவிடுகிறது!

கிரிப் சுற்றினாலே மட்டை மாறும்!

மேலே சுற்றும் சாதாரண ஓவர்கிரிப்பின் எடை என்ன இருக்கும்? ஏறத்தாழ 5 கிராம்! அதாவது 4யு மட்டையை வாங்கி ஒரு கிரிப்பைச் சுற்றினால், மொத்த எடையில் அது 3யு ஆகிவிடுகிறது! ஆனால் கனம் கைப்பக்கம் சேர்வதால் தலை முன்பைவிட லேசாகத் தோன்றும்! இரண்டு கிரிப் சுற்றிவிட்டு 'ஸ்மாஷில் பலம் இல்லையே' என்று புலம்புபவர்களே, இதைக் கவனியுங்கள்!

ஷாஃப்ட் வளையும், ஆனால் யாருக்கு?

மட்டையின் தண்டை, அதாவது ஷாஃப்டை வளைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சுமார் 7 மில்லிமீட்டர் பருமன்தான். அடிக்கும்போது அது பின்னால் வளைந்து, சட்டென்று நிமிர்ந்து ஷட்டிலைத் தள்ளுகிறது. கை வேகம் குறைவாக இருந்தால் நன்றாக வளையும் ஷாஃப்ட் கைகொடுக்கும். கை வேகம் அதிகமா? அது நிமிர்வதற்குள் அடி முடிந்துவிடும்! அவர்களுக்கு விறைப்பான 'ஸ்டிஃப்' ஷாஃப்ட். புதிதாக ஆடுபவர் சாம்பியன்களின் விறைப்பு மட்டையை வாங்கினால் என்ன ஆகும்? ஷாஃப்ட் வளையவே வளையாது. மொத்த உழைப்பும் தோளுக்குத்தான்!

விதிப் புத்தகத்தில் எடை வரம்பே இல்லை!

மொத்த நீளம் 680 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அகலம் 230 மில்லிமீட்டர். நரம்பு கட்டிய பகுதி 280-க்கு 220 மில்லிமீட்டருக்குள். இதெல்லாம் விதி. எடைக்கு? வரம்பு இல்லை! நரம்பின் டென்ஷனுக்கு? அதற்கும் வரம்பு இல்லை! ஆனால் ஒரு வேடிக்கையான கட்டுப்பாடு இருக்கிறது. நரம்புப் பின்னல் சீராக இருக்க வேண்டும். நடுப்பகுதியில் மட்டும் இடைவெளி விட்டுக் கட்டக் கூடாது! எத்தனை பவுண்டு என்பது முழுக்க முழுக்க ஆடுபவரின் விருப்பம்!

இரண்டு முகம் கொண்ட மட்டை!

ஒரு பக்கம் ஒரு வடிவம், மறுபக்கம் வேறு வடிவம்! அப்படி ஒரு மட்டை வந்தது தெரியுமா? யோனெக்ஸின் டியூரா 10! ஃபோர்ஹேண்ட் பக்கம் பலத்துக்காகப் பெட்டி போன்ற சட்டம். பேக்ஹேண்ட் பக்கம் காற்றைக் கிழிக்க ஒடுங்கிய சட்டம். நிறமும் பக்கத்துக்கு ஒன்று! மலேசியாவின் லீ சோங் வெய் கையில் உலகமே அதைப் பார்த்தது. மட்டையைத் திருப்பிப் பிடித்தால் பலன் தலைகீழ்!

ஜோடிக்கு ஜோடி மட்டை!

இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவருக்கு ஒரு மட்டை, பின்னால் நிற்பவருக்கு ஒரு மட்டை என்று தனித்தனியாகச் செய்கிறார்கள்! அஸ்ட்ராக்ஸ் 88 எஸ், வலையருகே விரல் நுனியில் வித்தை காட்டுபவருக்கு. அஸ்ட்ராக்ஸ் 88 டி, பின்வரிசையிலிருந்து இடியாக இறக்குபவருக்கு. ஒரே பெயர், ஒரே எண், கடைசி எழுத்து மட்டும் வேறு. கடையில் எழுத்தைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்!

மீன்வலை மிதவையில் தொடங்கிய கதை!

யோனெக்ஸ் நிறுவனம் முதலில் என்ன செய்தது தெரியுமா? மீன்பிடி வலைகளுக்கு மர மிதவை! 1946-இல் மினோரு யோனெயாமா ஜப்பானின் நீகாத்தா பகுதியில் தொடங்கினார். பிளாஸ்டிக் மிதவை வந்ததும் மர மிதவையை வாங்க ஆள் இல்லை! தொழில் ஆட்டம் கண்டது. மரவேலை தெரிந்த கைகள் வேறென்ன செய்யலாம்? 1957-இல் இறகுப்பந்து மட்டை செய்யத் தொடங்கினார்கள். மிதவை மூழ்கிய இடத்தில் மட்டை எழுந்தது!

ஆறு ஒலிம்பிக் பதக்கம் வென்றவரின் பெயர்!

லி நிங் என்பது வெறும் மட்டைக் கம்பெனிப் பெயர் என்றா நினைத்தீர்கள்? அது ஒரு மனிதர்! சீன ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்! 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 3 தங்கம், 2 வெள்ளி, 1 வெண்கலம்! 1990-இல் நிறுவனம் தொடங்கினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கயிற்றில் தொங்கியபடி காற்றில் ஓடிப் போய்ச் சுடரை ஏற்றினாரே, அவரேதான்!

இரண்டு தங்கம், ஒரு திருமணம், ஒரு மட்டை!

1992 பார்சிலோனாவில் இறகுப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக் பதக்கப் போட்டியானது. பெண்கள் ஒற்றையரில் தங்கம், இந்தோனேசியாவின் சூசி சுசாந்தி. ஆண்கள் ஒற்றையரில் தங்கம், அதே நாட்டின் அலன் புடிகுசுமா. இருவரும் பிறகு திருமணம் செய்துகொண்டார்கள்! சேர்ந்து அஸ்டெக் என்ற பெயரில் மட்டை பிராண்டும் தொடங்கினார்கள்!

வட்டம் ஏன் சதுரமானது?

பழைய மட்டையின் தலை முட்டை வடிவம். இப்போதைய மட்டையைப் பாருங்கள், மேல்பக்கம் கொஞ்சம் சதுரமாக இருக்கும். ஏன்? முட்டை வடிவத்தில் ஓர நரம்புகள் குட்டையாகவும் நடு நரம்புகள் நீளமாகவும் இருக்கும். தலையைச் சதுரமாக்கினால் நீள வித்தியாசம் குறையும். உடனே 'ஸ்வீட் ஸ்பாட்' விரியும்! அதாவது, பட்டால் சுகமாகப் பறக்கும் அந்த நடு இடம் பெரிதாகும். 1992-இல் யோனெக்ஸ் இதை 'ஐசோமெட்ரிக்' என்ற பெயரில் இறகுப்பந்துக்குக் கொண்டுவந்தது. இன்று இந்த வடிவம் இல்லாத மட்டையைத் தேடிப்பிடிக்க வேண்டும்!

தஞ்சாவூர் மட்டை இரண்டு மடங்கு கனம்!

மஞ்சள் கம்பளிப் பந்தை அடித்து ஆடும் பூப்பந்து எங்கே பிறந்தது தெரியுமா? நம் தஞ்சாவூரில்! 1850-களிலேயே அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்கிறார்கள். பக்கத்துக்கு 5 பேர் ஆடும் இந்த ஆட்டத்தின் மட்டை 165 முதல் 185 கிராம்! ஷட்டில் மட்டையைப் போல இரண்டு மடங்கு! ஏன்? பந்தே 27 முதல் 30 கிராம். ஷட்டிலோ 5 கிராம்! பூப்பந்து ஆடிப் பழகிய கை ஷட்டில் மட்டையை எடுத்தால், கையில் எதுவும் இல்லாதது போலத்தான் இருக்கும்!

பத்து மீட்டர் நரம்பு!

ஒரு மட்டைக்கு எவ்வளவு நரம்பு வேண்டும்? கிட்டத்தட்ட 10 மீட்டர்! மைதானத்தின் நீளத்தில் முக்கால் பங்கு, உங்கள் உள்ளங்கையில்! பல மட்டைகளில் நெடுக்கே 22 இழை, குறுக்கே 21 இழை. ஒன்றை விட்டு ஒன்று, மேலும் கீழுமாகக் கையால் கோத்து எடுக்க வேண்டும். ஒரு இழை தவறினாலும் பின்னல் கெட்டுவிடும்!

468 கிலோவைத் தாங்கும் சட்டம்!

இதுதான் உச்சம்! 24 பவுண்டு டென்ஷன் என்கிறோமே, அது ஒரு இழைக்கான இழுவை. கிட்டத்தட்ட 11 கிலோ. இப்படி 43 இழைகள்! பெருக்கிப் பாருங்கள்: 43 × 24 = 1,032 பவுண்டு. கிலோவில் சொன்னால் 468! நன்கு வளர்ந்த ஒரு எருமையின் எடை! இழுத்த இழுப்பையெல்லாம் கூட்டினால் இவ்வளவு வருகிறது. இதை ஏந்தி நிற்பது 85 கிராம் கார்பன் மட்டை! அதையே 30 பவுண்டு ஆக்கினால்? 585 கிலோ! வெறும் 6 பவுண்டு ஏற்றினோம், 117 கிலோ கூடிவிட்டது!

இறுக்கினால் பலம் குறையும்!

'டென்ஷனை ஏத்துங்க, ஸ்மாஷ் பறக்கும்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மை நேர் எதிர்! ஆமாம், நேர் எதிர்! தளர்வான நரம்பு நன்றாக உள்வாங்கி, ஷட்டிலை உந்தித் தள்ளும். நீங்கள் கொஞ்சம் அடித்தாலே போதும், மிச்ச வேலையை நரம்பு பார்த்துக்கொள்ளும்! இறுக்கமான நரம்போ அவ்வளவாக உள்வாங்காது. ஷட்டிலின் கார்க்தான் நசுங்கும். நசுங்கிய கார்க் அந்தச் சக்தியை முழுதாகத் திருப்பித் தராது! 30 பவுண்டில் அடிக்கும் அடி பறக்கிறது என்றால், அது அடிப்பவரின் தோளும் மணிக்கட்டும் தரும் பலம்!

அப்புறம் ஏன் சாம்பியன்கள் இறுக்குகிறார்கள்?

நல்ல கேள்வி! பலம் அவர்களிடமே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது துல்லியம். இறுக்கமான நரம்பில் ஷட்டில் தங்கும் நேரம் குறைவு. ஏற்கெனவே விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான், அதுவும் குறைகிறது! திருப்பிய திசையில் அப்படியே போகும். அதனால்தான் 28, 30, அதற்கும் மேலே போகிறார்கள். ஆனால் விலை உண்டு! ஸ்வீட் ஸ்பாட் சுருங்கிவிடும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் அடி செத்துவிடும், அதிர்ச்சி முழங்கைக்கு ஏறும். எப்போதும் நடுவிலேயே அடிப்பவருக்குத்தான் அந்த இறுக்கம் சுகம்!

உங்களுக்கு எத்தனை பவுண்டு?

இப்போதுதான் கற்கிறீர்களா? 20 முதல் 22. வாரம் சில நாள் ஆடுகிறீர்கள், கிளியர் அடித்தால் பின்கோட்டுக்குப் போகிறதா? 23 முதல் 25. பயிற்சி எடுத்துப் போட்டிகளில் ஆடுகிறீர்களா? 26, 27. அதற்கு மேல் தினமும் மணிக்கணக்கில் ஆடுபவர்களின் உலகம்! சுலபமான சோதனை ஒன்று தெரியுமா? பின்கோட்டிலிருந்து எதிர்ப் பின்கோட்டுக்கு உயரமாகக் கிளியர் அடித்துப் பாருங்கள். சிரமப்பட்டும் பாதியில் விழுகிறதா? 2 பவுண்டு இறக்குங்கள்! சும்மா தொட்டாலே வெளியே போகிறதா? 1 பவுண்டு ஏற்றுங்கள்! ஒரே தாவலில் 22-இலிருந்து 28-க்குப் போக வேண்டாம். ஒரு கட்டிங்குக்கு, அதாவது ஒருமுறை நரம்பு கட்டுவதற்கு, ஒரு பவுண்டு, அதுவே போதும்!

மட்டையிலேயே எழுதியிருக்கிறது!

எத்தனை பவுண்டு வரை தாங்கும் என்று மட்டையே சொல்லும் தெரியுமா? கைப்பிடிக்கு மேலே, ஷாஃப்ட் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். யோனெக்ஸின் பல புதிய மாடல்களில் 4யு என்றால் 20 முதல் 28 பவுண்டு, 3யு என்றால் 21 முதல் 29 பவுண்டு. எடை வகை ஒன்று மாறினால் வரம்பும் ஒரு பவுண்டு மாறுகிறது! அதைத் தாண்டிக் கட்டி மட்டை உடைந்தால் வாரன்டி கிடையாது!

குறுக்கே 2 பவுண்டு கூடுதல், ஏன்?

'24-க்கு 26' என்று கட்டிங் போடுபவர் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? நெடுக்கே 24, குறுக்கே 26! முதலில் கட்டும் நெடுக்கு நரம்புகள் மட்டையின் உச்சியைக் கீழே இழுக்கும். தலை குட்டையாகி அகலப் பார்க்கும். குறுக்கு நரம்புகள் இரு பக்கத்தையும் உள்ளே இழுத்துப் பழைய வடிவத்தைக் கொண்டுவரும். கூடுதலாக ஒன்றிரண்டு பவுண்டு போடுவது, மட்டை கோணாமல் காக்கத்தான்!

குடலிலிருந்து நைலானுக்கு!

ஒரு காலத்தில் மட்டை நரம்பு எதிலிருந்து வந்தது தெரியுமா? ஆடு, மாடுகளின் குடலிலிருந்து! உலர்த்தி, முறுக்கி, நரம்பாக்கினார்கள். ஈரம் பட்டால் வீணாகிவிடும்! 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். இன்று உங்கள் மட்டையில் இருப்பது பெரும்பாலும் மெல்லிய நைலான் இழைகள் பலவற்றைச் சேர்த்துச் செய்த நரம்பு!

0.09 மில்லிமீட்டரில் இவ்வளவா?

நீண்ட நாள் உழைக்கும் பி.ஜி. 65 நரம்பின் பருமன் 0.70 மில்லிமீட்டர். துள்ளலுக்குப் பேர்போன ஏரோசோனிக் 0.61 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.09 மில்லிமீட்டர்தான்! ஆனால் மெல்லியது படபடவென்று தெறிக்கும், கணீரென்று சத்தம் எழுப்பும், சீக்கிரம் அறும். தடித்தது பொறுமையாக உழைக்கும். இரண்டும் வேண்டுமா? ஏரோபைட் என்ற நரம்பில் நெடுக்கே 0.67, குறுக்கே 0.61! ஒரே மட்டையில் இரண்டு பருமன்!

தொடாமலே தளரும்!

புதுக் கட்டிங் போட்டு மட்டையைப் பையிலேயே வைத்திருக்கிறீர்கள். டென்ஷன் அப்படியே இருக்குமா? இருக்காது! நைலான் இழுத்துப் பிடித்த நிலையில் தானாகவே மெல்ல நீளும். முதல் நாளிலேயே பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். 25 பவுண்டு என்று கட்டியது மறுநாள் 22, 23-ஆக இருக்கலாம்! அதனால்தான் சாம்பியன்கள் போட்டிக்குப் போட்டி புதிதாகக் கட்டுகிறார்கள். ஆறு மாதமாக அறவில்லை என்று மகிழ்கிறீர்களா? நரம்பு அறவில்லை, ஆனால் நீங்கள் கட்டிய டென்ஷன் எப்போதோ போய்விட்டது!

காது சொல்லும் கணக்கு!

நரம்பைத் தட்டி ஓசையை வைத்தே டென்ஷனை ஊகிக்கும் கைதேர்ந்தவர்கள் உண்டு தெரியுமா? இறுக்கம் கூடினால் சுருதி ஏறும். ஆனால் சுருதி இரண்டு மடங்கு ஆக இறுக்கம் எத்தனை மடங்கு வேண்டும்? இரண்டு இல்லை, நான்கு! இந்தக் கணக்கை வைத்து, தட்டும் ஓசையைக் கேட்டு டென்ஷனைச் சொல்லும் கைப்பேசிச் செயலிகளே வந்துவிட்டன!

வெயிலுக்கும் மட்டைக்கும் பகை!

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டையை விட்டுவிட்டு வருகிறீர்களா? கூடவே கூடாது! சூட்டில் நைலான் இளகி நீளும், டென்ஷன் இறங்கும். ஷட்டிலும் வெயிலை உணரும் தெரியுமா? சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஷட்டில் கூடுதல் தூரம் போகும்! ஷட்டில் டப்பாவில் 75, 76, 77 என்று எண் இருக்கும். அது கிரெய்ன் கணக்கில் எடை. 77 என்றால் 4.99 கிராம். வெப்பமான ஊர்களுக்கு 75, 76. குளிரான ஊர்களுக்கு 77, 78. ஒரு கிரெய்ன் என்பது வெறும் 0.065 கிராம்! அந்தத் துளி வித்தியாசம் ஆட்டத்தை மாற்றுகிறது!

16 இறகு, ஒரே பக்கச் சிறகு!

இத்தனை கணக்கும் எதை அடிக்க? 4.74 முதல் 5.50 கிராம் எடையுள்ள ஒரு ஷட்டிலை! அதில் 16 இறகுகள். இடது சிறகு என்றால் பதினாறும் இடது சிறகிலிருந்தே வர வேண்டும்! கலந்தால் ஒழுங்காகச் சுழலாது. ஷட்டில் சரியா என்று எப்படிச் சோதிப்பது? பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடிக்க வேண்டும். எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழுந்தால் தேறியது!

நரம்பு அறுந்ததா? உடனே கத்தரி!

ஒரு நரம்பு அறுந்தால் என்ன செய்வீர்கள்? அப்படியே பையில் போட்டு, நேரம் கிடைக்கும்போது கடைக்குக் கொடுப்பீர்களா? மட்டைக்கு ஆபத்து! ஒரு பக்கம் இழுவை போய்விட்டது, மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சட்டம் கோணிவிடும்! உடனே நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கும் குறுக்குமாகச் சமமாக வெளிப்பக்கம் நோக்கி எல்லா நரம்புகளையும் வெட்டிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை, ஆயிரக்கணக்கான ரூபாய் மட்டை பிழைக்கும்!

ஆட்டத்தின் நடுவே மட்டை மாற்றம்!

சர்வதேச இரட்டையர் ஆட்டங்களில் ராலி நடக்கும்போதே நரம்பு அறுந்தால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒருவர் தனியாளாக முழு மைதானத்தையும் காக்க, இன்னொருவர் பாய்ந்து ஓடி, புது மட்டையை எடுத்துக்கொண்டு அதே ராலிக்குள் திரும்பி வந்துவிடுகிறார்! ஷட்டில் இன்னும் தரையைத் தொட்டிருக்காது!

எதை முதலில் பார்ப்பது?

இத்தனையும் படித்துத் தலை சுற்றுகிறதா? வரிசை எளிது! முதலில் எடை: பெரும்பாலோருக்கு 4யு பொருந்தும். அடுத்து சமநிலை: ஒற்றையரும் ஸ்மாஷும் பிடிக்குமா, கொஞ்சம் தலை கனம். இரட்டையரில் வலையருகே சண்டையா, தலை லேசு. எது என்று தெரியவில்லையா, நடுநிலை. மூன்றாவது ஷாஃப்ட்: புதியவர் வளையும் பக்கம், தேர்ந்தவர் விறைப்புப் பக்கம். கடைசியில் டென்ஷன். ஆனால் இந்தக் கடைசிக்குத்தான் கூடுதல் மதிப்பு! மற்ற மூன்றும் ஒருமுறை வாங்கினால் பெரிதாக மாறாது. டென்ஷனை ஒவ்வொரு கட்டிங்கிலும் மாற்றலாம்! சில நூறு ரூபாயில் அதே மட்டை வேறு மட்டையாகத் திரும்பி வரும்! 22-ஐயும் 25-ஐயும் ஆடிப் பார்த்தவருக்கே தன் கை எது என்று தெரியும். எத்தனை பவுண்டு போட்டீர்கள், என்ன நரம்பு, எந்தத் தேதி என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். 'வழக்கம்போலப் போடுங்க' என்று இனிமேல் சொல்லாதீர்கள். உங்கள் பவுண்டை நீங்களே சொல்லுங்கள்!